பூ வாக்குக் கேட்டுப் படித்த புத்தகம்

இந்தாங்க்கா, கையில வாங்கியே பாருங்க. கோபி பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து அட்டைய எட்டி எட்டிப் பாத்துட்டு வர்றீங்க. கேட்டாத் தரமாட்டனா? புள்ள மடியில தூங்குது, எனக்கும் ஒரு கை ஓய்வா இருக்கும். பயப்படாதீங்க, கடிக்காது. எங்க மாமியாரும் மொதல்ல உங்களை மாதிரிதான், தொட்டா விரல் வெந்து போயிரும்னு நெனச்சாங்க.

நெத்தி நெறையக் குங்குமம் வெச்சுக்கிட்டு, கோபுரத்து மேல செவப்பாப் பெருக்கல் குறி போட்ட புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்தா யாருக்குத்தான் கண்ணு போகாது? என்னோடது இல்லீங்க. எங்க வீட்டுக்காரரோடது. சாமி இல்லைன்னு முந்நூறு பக்கத்துக்கு எழுதியிருக்கான் ஒரு வெள்ளக்காரன். அதைத் தமிழ்ல வேற மாத்திப் போட்டிருக்காங்க. இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குங்க முந்நூறு பக்கம்? வீட்டுல சக்கரை இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றோம். டப்பாவைப் பத்தி முந்நூறு பக்கமா பேசறோம்?

இவ முடி உங்க மேல படுதுங்களா? தள்ளி விடுங்க. பொறந்ததுல இருந்து கத்திரி படாத முடி. குலசாமிக்கு நேந்து விட்டது. வேர்வை, சிக்கு, பேன், அத்தனையும் உள்ள குடியிருக்கு. அங்கன்வாடி டீச்சர் பாக்கறப்பெல்லாம், "ஏம்மா, ஒண்ணு சாமிக்குக் குடு, இல்ல சலூன்காரனுக்குக் குடு, இப்படிப் புதர் மாதிரி வளக்காத"ங்கறாங்க. எனக்கு மட்டும் ஆசையா? இந்த முடிக்கும் அந்தப் புஸ்தகத்துக்கும்தான் எங்க வீட்டுல சண்டை.

எங்க வீட்டுக்காரர் வண்டி ஷோரூம்ல சர்வீஸ் பக்கம் சூப்பர்வைசர். பூபதின்னு பேரு. நல்ல மனுசன்தான், அதுல குத்தம் சொல்ல முடியாது. கூட வேலை செய்யற ஒருத்தர் ஈரோட்டுப் புத்தகக் கண்காட்சியில இருந்து இந்த மாதிரி நாலஞ்சு வாங்கிட்டு வந்து, படிச்சுப் பாருன்னு குடுத்திருக்காரு. இவரு படிச்சாரு. படிச்சுட்டு ஒரு நாள் சாயங்காலம் வந்து, "கோகிலா, நாம இத்தனை நாளும் ஏமாந்துட்டோம்"னாரு. நான் சீட்டுக்காரன் ஓடிட்டான்னு நெனச்சு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் பாத்தா சாமியாம்.

சாமி கும்பிடாத ஆளுங்களை நான் பாக்காதவளா? எங்க ஊர்ல கருப்புச் சட்டைக்காரர் ஒருத்தர் இருந்தாரு. கோயில் பக்கம் திரும்ப மாட்டாரு. ஆனா எந்த வீட்டு விசேசம்னாலும் பந்தி பரிமாற மொதல் ஆளா வேட்டிய மடிச்சுக் கட்டி நிப்பாரு. நீ கும்புடு, நான் சோறு போடறேம்பாரு. அது ஒரு ரகம். எங்க வீட்டுக்காரர் அந்த ரகம் இல்லீங்க. இவரு புஸ்தகம் படிச்சு ஆனவரு. சாமி இல்லைம்பாரு, வெள்ளிக்கெழம புது வண்டி எடுக்கப் போனா ராகு காலம் போயி பன்னெண்டு தாண்டட்டும்னு ஷோரூம் வாசல்லயே நிப்பாரு. ஏனுங்கன்னு கேட்டா, "கஸ்டமருங்க பாப்பாங்க"ங்கறாரு. வண்டி இவருக்கு. இதுல கஸ்டமர் எங்க வந்தான்?

இன்னொண்ணு கேளுங்க. ஒரு நாள் புள்ள வெளையாட்டுல அந்தப் புஸ்தகத்து மேல ஏறி நின்னுருச்சு. இவரு பதறி ஓடி வந்து, புள்ளைய எறக்கி விட்டுட்டு, புஸ்தகத்தை எடுத்துத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. நான் கரண்டியோட நின்னுட்டேன். "ஏனுங்க, என்ன பண்றீங்க?"ன்னேன். "புஸ்தகம்டி, மிதிக்கலாமா?"ங்கறாரு. சரி, உள்ள என்ன எழுதியிருக்குன்னு அந்தப் புஸ்தகத்துக்கே தெரியாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்படியே வாயால பேசிட்டு இருந்திருந்தா எனக்கென்ன வந்துச்சு? பேசட்டும். பஜ்ஜி போட்டா வாயடைச்சுப் போகும். ஆனா மொட்டையில வந்து கைய வெச்சாரு பாருங்க, அங்கதான்.

வர்ற மாசி வந்தா புள்ளைக்கு மூணு முடிஞ்சு நாலு பொறக்குது. எங்கள்ல ஒத்தப்படை வயசுலதான் மொட்டை. நாலு பொறந்துட்டா அஞ்சு வரைக்கும் காத்துக் கெடக்கணும். இஸ்கூலுக்குப் போற பொம்பளப் புள்ளைய மொட்டையா அனுப்ப முடியுங்களா? அப்புறம், மொட்டைன்னா மொட்டை மட்டும் இல்லீங்களே. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் முடி எறக்கணும், காது குத்தணும். எங்கண்ணன் சென்னியப்பன். ஒரே அண்ணன். அப்பா போனதுக்கப்புறம் என்னை மேல படிக்க வெச்சு, நகை போட்டு, கட்டிக் குடுத்தது அவன்தான். சத்தியமங்கலத்துக்கு இந்தப் பக்கம் வாழைத் தோப்பு இருக்கு. இப்ப அங்கதான் போறேன்.

அந்த அண்ணன் எங்க வீட்டு வாசப்படி மிதிச்சு மூணு வருசத்துக்கு மேல ஆச்சுங்க.

பெரிய சண்டைன்னு நெனைக்காதீங்க. சொன்னாச் சிரிப்பீங்க. என் வளைகாப்புல பந்தி நடக்குது. எங்கண்ணன் வாய் சும்மா இருக்காது. பாயசம் ஊத்தறவனைக் கூப்பிட்டு, "மாப்ளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துப்பா, முந்திரிய அவங்க பக்கம் கடைக் கண்ணாடியிலதான் பாத்திருப்பாரு"ன்னான். வெளையாட்டுக்குத்தான். பந்தியே சிரிச்சுது. இவரு எலையில பாயசம் ஓடிட்டு இருக்க, கைய உதறிட்டு எந்திரிச்சுட்டாரு. அன்னைக்கு நின்ன பேச்சுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட அண்ணன் வந்தான், இவரு வேலைக்குப் போன நேரமாப் பாத்து. புள்ளையத் தொட்டுப் பாத்துட்டு, சட்டையும் கொலுசும் வெச்சுட்டுப் போயிட்டான். ரெண்டு பேருக்கும் மனசுக்குள்ள ஆறிப் போச்சு. எனக்குத் தெரியும். ஆனா எவன் மொதல்ல வாயத் தொறக்கறதுன்னு நிக்கறாங்க. மொட்டைன்னு ஒண்ணு வந்தா, கூப்பிட்டுத்தான் ஆகணும், வந்துதான் ஆகணும். யாரும் யாருகிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டியதில்ல. சாமி கூப்பிடுதுன்னு போயிரலாம்.

அந்த நேரம் பாத்து இவருக்கு ஞானம் பொறந்திருச்சு.

எங்கண்ணன் சீர் எல்லாம் எடுத்து வெச்சிருக்கான். ஆனா கோயில் எங்க வீட்டுக்காரங்க கோயில். குலசாமி ஆம்பளை வழிச் சாமிதானுங்களே. நான் தனியாப் போயி நின்னா, பூசாரி, "எங்கம்மா பங்காளி?"ன்னு கேப்பாரு. இவரு வராம ஒரு முடி எறங்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டே இவரு சொல்றாரு: "கோகிலா, நான் உன்னைத் தடுக்கல. நீ இதை முழுசாப் படி. படிச்சு முடிச்சு, அதுக்கப்புறமும் மொட்டை போடணும்னு உனக்குத் தோணுச்சுன்னா, நான் வர்றேன். மறு பேச்சுப் பேச மாட்டேன்."

கையில குடுத்துட்டாரு. நான் முந்தானையில கையத் துடைச்சுட்டு வாங்கறேன். சமையக்கட்டுல இருந்து மாமியார் வந்து நின்னுட்டாங்க.

"அதைக் கீழ வை."

"படிச்சாத்தான் வருவேங்கறாரு அத்தை."

"நீ அதை ஒரு பக்கம் படிச்சீன்னாலும் நான் கோயிலுக்கு வர மாட்டேன். பொங்கப் பானைய யாரு எறக்கறாங்கன்னு பாக்கறேன். அவன் புத்திதான் கெட்டுப் போச்சு, புள்ளையப் பெத்தவ புத்தியும் கெடணுமா?"

பாருங்க என் நெலமைய. படிக்கலைன்னா இவரு வரமாட்டாரு. படிச்சா அவங்க வரமாட்டாங்க. யாரு வராட்டியும் எங்கண்ணன் மடி காலிதான். அந்தப் புஸ்தகத்தை அரிசி டிரம் மேல வெச்சுட்டு, வர்றப்பெல்லாம் போறப்பெல்லாம் அதையே பாத்துட்டு இருந்தேன். படிக்கறதா, வேண்டாமா. பன்னெண்டாவது வரைக்கும் எங்க ஊர் இஸ்கூல்ல படிச்சவதான் நான். படிக்கத் தெரியாம இல்ல.

எனக்கு ஒண்ணு மட்டும் சிரிப்பா இருந்துச்சுங்க்கா. தாய்க்கும் மகனுக்கும் அந்தப் புஸ்தகத்து மேல என்னா நம்பிக்கை! படிச்சாப் போதும், சாமி போயிரும்னு இவரு. படிச்சாப் போதும், சாமி போயிரும்னு அவங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சி, அது அவங்களுக்கே தெரியல. நான் எத்தனை சமையல் குறிப்புப் படிச்சிருக்கேன்! ஒண்ணாவது படத்துல இருக்கற மாதிரி வந்திருக்கா? படிச்ச ஒடனே எல்லாம் நடந்துருமாக்கும்.

அப்புறம்தான் எனக்கு யோசனை வந்துச்சு. மாமியார் யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. எங்க ஊர்க் கோயில் ஆத்தா சொன்னாக் கேப்பாங்க. "அத்தை, நமக்குள்ள எதுக்குப் பேச்சு? பூ வாக்குக் கேட்டுருவோம்"னேன்.

உங்க பக்கம் உண்டுங்களா? எங்க பக்கம் எல்லாத்துக்கும் உண்டு. வெள்ளை அரளிய ஒரு பொட்டலம், செவ்வரளிய ஒரு பொட்டலம் வாழையெலையில கட்டி, ஆத்தா காலடியில வெச்சு, ஒரு சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொல்வாங்க. வெள்ளை வந்தாப் பண்ணலாம். செவப்பு வந்தா வேண்டாம். சம்பந்தம் பேச, போர் போட, வீடு மாத்த, எல்லாத்துக்கும் கேப்போம்.

செவ்வாக்கெழம போனோம். பூசாரி கற்பூரத்தைக் கையில வெச்சுட்டு, "என்ன காரியம்மா? போர்க் குழியா?"ன்னாரு.

"இல்லீங்க. ஒரு புஸ்தகம் படிக்கலாமா வேண்டாமான்னு."

"ஓ, பரீட்சையா?"

"பரீட்சை இல்லீங்க. சாமி இல்லைன்னு எழுதியிருக்கற புஸ்தகம்."

பூசாரி என்னையப் பாத்தாரு. ஆத்தாளைப் பாத்தாரு. மறுபடி என்னையப் பாத்தாரு. கொரலைத் தாழ்த்தி, "அதை... ஆத்தாகிட்டயேவா கேக்கறது?"ங்கறாரு.

"பின்ன யாருகிட்டக் கேக்கறதுங்க? அவளைப் பத்தித்தான எழுதியிருக்கு."

அவருக்கு அதுல தப்புக் கண்டுபுடிக்கத் தெரியல. பூசைக்கு உக்காந்துட்டாரு.

பொட்டலம் கட்டறது வீட்டுப் பொம்பளைங்க வேலை. நான்தான் கட்டுனேன். ரெண்டுலயும் வெள்ளை அரளியே வெச்சுக் கட்டிட்டேன்.

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? மாசிக்கு எத்தனை நாள் இருக்கு? செவப்பு வந்துச்சுன்னா என்ன பண்றது? ஆத்தாளுக்கு ஆயிரம் வேலை. எந்தப் பொட்டலத்தை எடுக்க வெக்கலாம்னு அவ யோசிச்சுட்டு இருக்கறதுக்கு, அந்த ஒரு வேலைய நான் கொறச்சுக் குடுத்தேன். அவ்வளவுதான். இதுல ஏமாத்து எங்க இருக்கு? செவப்பு வந்திருந்தா மறுபடி கேக்கத்தான் போறோம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, வர்ற வரைக்கும் கேப்பாங்க. நான் ஒரே தடவையில முடிச்சேன்.

இவளைத்தான் எடுக்க விட்டோம். இவ என்ன பண்ணுனா தெரியுங்களா? ஒண்ணை எடுடின்னா ரெண்டு கையிலயும் ரெண்டை எடுத்துக்கிட்டா. ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா என் கதி என்னாகறது? "ஒண்ணை வெய்யி கண்ணு"ன்னு பூசாரி கெஞ்சறாரு, இவ தரமாட்டேங்கறா. நான் சட்டுனு ஒண்ணைப் புடுங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன், பிரசாதமாட்டம். இன்னொண்ணைப் பிரிச்சாரு. வெள்ளை. மாமியாருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "ஆத்தாளே படிக்கச் சொல்லிட்டா. தன்னைய என்ன எழுதியிருக்கான்னு தெரிஞ்சுக்க நெனைக்கறா போல"ன்னாங்க.

இப்பச் சொல்லுங்க. ரெண்டும் வெள்ளைதான், சரி. ஆனா இந்தப் புள்ள எடுக்க மாட்டேன்னு படுத்துப் பொரண்டிருந்தா? அங்க இருந்த தேங்காயத் தூக்கிட்டு ஓடியிருந்தா? பண்ற புள்ளதானுங்களே இது. எடுத்துச்சுல்ல? அது யாரு செயல்? அதைத்தான் நான் சொல்றேன்.

வீட்டுக்கு வந்து இவருகிட்டச் சந்தோசமாச் சொன்னேன். "ஏனுங்க, படிக்கலாம்னு உத்தரவாயிருச்சு."

"யாரு உத்தரவு?"

"ஆத்தா உத்தரவு. வெள்ளைப் பூ வந்துச்சு."

அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். குதிக்கறாரு. "ஏண்டி, சாமி இல்லைன்னு சொல்ற புஸ்தகத்தைச் சாமிகிட்டக் கேட்டுட்டாடி படிப்பாங்க? நீ படிக்கவே வேண்டாம். குடு அதை!" புடுங்கிப் பீரோ மேல வெச்சுட்டாரு. சுயமாச் சிந்திச்சுப் படிக்கணுமாம். அப்பத்தான் செல்லுமாம். "நீங்க படின்னு சொன்னப்ப மட்டும் நான் சுயமாச் சிந்திச்சனா?"ன்னேன். நீங்க சொன்னாப் படிக்கலாம், ஆத்தா சொன்னாப் படிக்கக் கூடாதா? அவளாவது பூவு குடுத்துச் சொன்னா. நீங்க மொறைச்சுட்டுச் சொன்னீங்க.

அவரு வேலைக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு எடுத்தேன். படிக்கக் கூடாதுன்னு நின்ன மாமியார், உத்தரவு ஆனதுக்கப்புறம், "சத்தமாப் படி, நானும் கேக்கறேன்"னு எதுக்கால உக்காந்துட்டாங்க. மொச்சை உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. நானும் படிச்சேன்.

என்ன சொல்றது போங்க. பெருசா என்னமோ இருக்கும்னு நெனச்சேன். சாமி இருந்தா ஏன் குழந்தைங்களுக்கு நோய் வருது, ஏன் நல்லவங்க கஷ்டப்படறாங்கன்னு கேக்கறான் அந்தாளு. பக்கம் பக்கமாக் கேக்கறான். இதை எங்க ஊர்ப் பொம்பளைங்க தெனமும் சன்னதியில நின்னே கேக்கறாங்க. "உனக்குக் கண்ணு இருக்கா? காது இருக்கா? கல்லாட்டம் நிக்கறயே"ன்னு மூஞ்சிக்கு நேராத் திட்டிட்டு, சூடத்தைக் கொளுத்தி வெச்சுட்டு வருவாங்க. இந்தாளு எங்கயோ தூரமா உக்காந்துட்டு, அவளுக்குக் கேக்காத எடத்துல எழுதறான். இதுல என்ன தைரியம்?

மாமியாருக்கு அந்த எடம்தான் ரொம்பப் புடிச்சுப் போச்சு. "நல்லாக் கேக்கறான், அதை மறுபடி படி"ங்கறாங்க. "எங்கப்பனுக்கு வயித்து நோவு வந்தப்ப எத்தனை கெடா வெட்டுனோம்! கேட்டாளா அவ?"ன்னு அவங்களும் சேந்து ஆத்தாளைத் திட்டறாங்க. பூசாரிங்க தட்டுக் காசுக்கு அலையறதைப் பத்தி ஒரு அத்தியாயம். அதைக் கேட்டுட்டு, "இவன் நம்ம ஊருக்கு வந்திருப்பானோ?"ன்னு சந்தேகமே வந்துருச்சு அவங்களுக்கு. திட்டி முடிச்சுட்டு, சாயங்காலம் வழக்கம் போல வெளக்குப் பொருத்துனாங்க. ஒரு திரி கூடவே போட்டாங்க.

ஒரு எடத்துல எழுதியிருக்கான், குறி கேக்கறது, வாக்குக் கேக்கறது எல்லாம் பூசாரிங்க முன்கூட்டியே செஞ்சு வெக்கற தந்திரம்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எங்க பூசாரி அந்தப் பொட்டலத்தைத் தொடவே இல்ல! பாவம், அந்த மனுசனுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாம, விசாரிக்காம, வாய்க்கு வந்ததை எழுதறான். இவனை நம்பி எங்க வீட்டுக்காரரு.

முடிச்ச அன்னைக்குச் சாயங்காலம், இவரு காப்பி குடிக்கறப்ப, எதுக்க உக்காந்தேன்.

"படிச்சுட்டேனுங்க."

"யாரைக் கேட்டுப் படிச்ச?"

"அதை விடுங்க. முழுசாப் படிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி. சாமி இல்ல."

டம்ளரைக் கீழ வெச்சுட்டாரு. மொகத்துல என்னா வெளிச்சம்! "நெசமாவா கோகிலா?"

"நெசமா. சாமி இல்ல, ஆத்தா இல்ல, ஒண்ணும் இல்ல. ஒத்துக்கறேன். மொட்டை எப்ப வெச்சுக்கலாம்?"

"ஏண்டி, சாமியே இல்லைங்கற, அப்புறம் என்ன மொட்டை?"

"இல்லாத எடத்துக்கு வர்றதுக்கு உங்களுக்கு என்ன பயம்? அங்க ஒருத்தரும் இல்லையே. ஒரு கல்லு, ஒரு மரம், அத்தோட நம்ம சொந்தக்காரங்க. கறிச்சோறு. ஊட்டிக்குப் போறப்ப மட்டும் அங்க சாமி இருக்கான்னு கேட்டுட்டாப் போறீங்க?"

டம்ளரை மறுபடி கையில எடுத்துக்கிட்டாரு. நான் விடல. தையல் மெசின் மேல இருந்த கத்திரிக்கோலை எடுத்துக் கையில குடுத்தேன். புள்ளையப் புடிச்சு முன்னாடி நிறுத்துனேன். "அப்படி வேண்டாம்னா இங்கயே வெட்டிருங்க. பேன் தாங்கல. நேந்துக்கிட்ட முடிதான், ஆனா வாங்கிக்கறதுக்குத்தான் ஆள் இல்லையே. வெட்டுங்க."

கத்திரிக்கோலைப் புடிச்சுட்டு நிக்கறாருங்க. முடியத் தொட்டாரு. ஒரு கொத்தைப் புடிச்சாரு. விட்டுட்டாரு. "அம்மா சங்கடப்படுவாங்க"ன்னாரு. அம்மா எட்டிப் பாத்து, "எனக்கென்ன சங்கடம்? புஸ்தகத்தை நானும்தான் கேட்டேன்"னுட்டுப் போயிட்டாங்க. நல்ல பொம்பளைங்க எங்க மாமியார், நேரம் பாத்து அடிப்பாங்க.

அப்பத்தான் இவரு வாய்ல இருந்து வந்துச்சு. மெதுவா. "கோயிலுக்குன்னா உங்கண்ணனும் வருவானா?"

எனக்குப் புரிஞ்சு போச்சுங்க்கா. ஒரே நிமிசத்துல புரிஞ்சு போச்சு. "ஏனுங்க, எங்கண்ணனைப் பத்தி எத்தனாவது பக்கத்துல எழுதியிருக்கு? முந்நூறு பக்கமும் படிச்சேன், எங்கயும் வரலையே"ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சாமியாவது, அறிவாவது! பாயசம்ங்க. மூணு வருசமா எலையில ஓடிட்டு இருக்கற பாயசம். நேராச் சொல்ல வெக்கப்பட்டுட்டு, எவனோ வெள்ளக்காரனைத் துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு. மனசுக்குள்ள ஒண்ணை வெச்சுக்கிட்டு, வாயில வேற ஒண்ணைப் பேசறது எப்படித்தான் முடியுதோ இந்த ஆம்பளைங்களுக்கு! எனக்கெல்லாம் வராது. மொட்டைன்னா மொட்டைம்பேன். சாமின்னா சாமிம்பேன்.

கோயிலுக்கு வர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா, "உங்கண்ணனைக் கூப்பிட நான் வரமாட்டேன்"னுட்டாரு. தாய்மாமனைக் கூப்பிடறதுன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போயித் தட்டு வெச்சு அழைக்கணும். நான் மட்டும் போனா அண்ணன் தட்டை வாங்குவானா? வாங்க மாட்டான். அவன் ரோசம் இவரு ரோசத்துக்கு அண்ணன்.

ரெண்டு நாள் மண்டைய ஒடைச்சேன். மூணாவது நாள் அண்ணனுக்குப் போனைப் போட்டேன். மொட்டையப் பத்தி மூச்சு விடல. "அண்ணா, உங்க மாப்ள சாமி இல்லைங்கறாருண்ணா"ன்னேன்.

எங்கண்ணன் எப்படிப்பட்டவன்னு நெனைக்கறீங்க? வருசா வருசம் பழனிக்கு நடக்கறவன். ஆடு வித்தாலும் அதுல ஒரு பங்கு உண்டியலுக்கு. அந்தப் பக்கம் போனே சூடாயிருச்சு. "என்ன சொல்றான்? இல்லைங்கறானா? எந்த மடையன் சொன்னான் அவனுக்கு?"

"புஸ்தகத்துல போட்டிருக்குண்ணா. முந்நூறு பக்கம்."

"மூவாயிரம் பக்கம் இருக்கட்டும். எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு பாப்போம்!"

மூணு வருசத்துல மொதத் தடவையா அவன் வாயில இருந்து மாப்ளையப் பத்தி ஒரு வார்த்தை. நான் இந்தப் பக்கம் வந்து இவருகிட்டச் சொன்னேன், எங்கண்ணன் இப்படிக் கேக்கறான்னு. இவரு மீசையத் தடவிட்டு, "உங்கண்ணனா? அவனுக்கு என்ன தெரியும்? வந்து பேசச் சொல்லு. ஒரே கேள்வியில மடக்கறேன்"ங்கறாரு.

வந்து பேசச் சொல்லு! கேட்டீங்களா? வரச் சொல்லுன்னாரு. அவரு வாயாலயே சொன்னாரு. எனக்கு அது போதும்.

அதுதான் கெளம்பிட்டேன். பையில வெத்தலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் எல்லாம் இருக்கு. தட்டு வெக்க ஜோடியாப் போகணும்பாங்க. இவரு சார்பா இவரு புஸ்தகம் வருது. அண்ணனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நானே படிச்சுக் காட்டறேன். எந்தப் பக்கத்தைப் படிச்சா நெஞ்சு கொதிக்கும்னு மடிச்சு வெச்சிருக்கேன், பாருங்க, பக்கத்து முனையெல்லாம் மடங்கியிருக்கும். அது தெரிஞ்சா எங்க வீட்டுக்காரர் சாமியாடிருவாரு.

எனக்கு நம்பிக்கை இருக்கான்னா கேக்கறீங்க? என்ன கேள்வி கேக்கறீங்க்கா நீங்களும்! அதையெல்லாம் யோசிக்கறதுக்கு எனக்கு நேரம் எங்க இருக்கு? கெடா சொல்லணும், சமையலுக்கு ஆள் சொல்லணும், காது குத்தற ஆசாரியப் பாக்கணும்.

இந்த ஸ்டாப்புதான். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. புஸ்தகத்தையும். ஏய், எந்திரிடி, மாமன் வீடு வந்துருச்சு. அதோ பாருங்க, எங்கண்ணன். புளிய மரத்துக்குக் கீழ, வண்டியப் போட்டுட்டு நிக்கறான் பாருங்க, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு. பல்லைக் கடிச்சுட்டு நிக்கறது இங்க இருந்தே தெரியுது. காலையில இருந்து கொதிச்சுட்டு இருந்திருப்பான். நல்லதாப் போச்சு, படிச்சுக் காட்ட வேண்டியதே இல்ல. கோவம் ஆறறதுக்குள்ள பின்னாடி ஏறி உக்காந்து, வண்டிய நேரா கோபிக்கு, எங்க வீட்டுக்கே விடச் சொல்லணும்.